வாடகை வீட்டின் வாசலைப் படத்தில் காட்டலாமா? தோட்டப்புற ஊர்களில் ஹோம்ஸ்டே நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிலாங்கூர் மாநிலத்தின் புக்கிட் ரோத்தானில் இருக்கும் எங்கள் பழைய டெரஸ் வீட்டை நாள் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, விளம்பரத்தில் போட்ட படங்கள் எல்லாம் வீட்டுக்குள் எடுத்தவைதான். புதிய சோபா, மூன்று அறைகள், சமையல்கட்டு, சுடுநீர் வரும் குளியலறை. வெளியே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. "ஆளில்லாத வீட்டை ஏன் ஊருக்கெல்லாம் காட்டணும்?" என்று என் அண்ணன் கேட்டார். எனக்கும் அது சரி என்றே பட்டது.

முதல் மாதத்திலேயே ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மறுநாள் காலை ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் அவர்களுக்கு வேண்டுதல் இருந்தது. வந்து இறங்கும்போது இரவு பத்தரை தாண்டிவிட்டது. இரண்டு கார், ஏழு பேர். பாட்டி சக்கர நாற்காலியில். எங்கள் கேட்டுக்கு முன்னால் சாக்கடைமேல் போட்ட கான்கிரீட் பலகை செங்குத்தாக ஏறும். அதைத் தாண்டினால் கார் போர்ச், அப்புறம் கதவுக்கு முன்னால் மூன்று படி, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். அந்த வீட்டு மகன் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார். பாட்டி அவர் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பாத்துப்பா, பாத்துப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் சாவியைக் கொடுக்கும்போது அந்த மகன் கோபப்படவில்லை. "வாசப்படிய ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தா நாங்க வேற வீடு பாத்திருப்போம், அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே வெளியே போய்ப் படம் எடுத்தேன். அதற்குப் பிறகு பல தடவை மாற்றி எடுத்து, எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டக் கூடாது என்று பழகிக்கொண்டேன். என் முடிவு இதுதான்: வெளிப்புறத்தைக் காட்டுங்கள், முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலரும் வாசல் படத்தையே தவிர்க்கிறார்கள். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வீட்டுக்கு வருகிறவர் யார் என்று பாருங்கள்

நகரத்து கொண்டோவுக்கு வருகிறவர் லிஃப்டில் ஏறிப் போய்விடுவார். நம் ஊர்களுக்கு வருகிறவர்கள் அப்படியில்லை. எங்கள் பக்கம் வருகிறவர்களில் பாதிப் பேர் கோயிலுக்கு வருகிறவர்கள். 2013-ல் குடமுழுக்கு கண்ட சக்தி தேவஸ்தானத்தில் 51 சக்தி பீடங்களையும் ஒரே இடத்தில் தரிசிக்கலாம் என்பதால் வேனில் குடும்பமாக வருகிறார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, தங்க இடம் தேடுகிறவர்களும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் உடைக்கப்பட்ட பிறகு, பிறந்த இடத்துக்கு வந்தாலும் படுக்க அவர்களுக்கென்று ஓர் அறை இல்லை. மிச்சப் பேர் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்க வருகிறவர்கள். பெரம்பாங் மரங்களில் அந்தப் பூச்சிகள் மின்னுவது நன்றாக இருட்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்து சேர ஒன்பது, பத்து மணி ஆகிவிடும்.

இவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்தேன். "ரெண்டு கார் நிக்குமா?" "வேன உள்ள விடலாமா?" "வாசல்ல படி இருக்கா? அம்மாவுக்கு முட்டி வலி." "கேட்ட பூட்டிட்டுப் போனா பயமில்லையே?" "பக்கத்துல வீடு இருக்கா, இல்ல தனியா இருக்கா?" கட்டில் எத்தனை என்று கேட்டவர்களைவிட இவற்றைக் கேட்டவர்கள்தான் அதிகம். இத்தனைக்கும் பதில் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. நீங்களும் இரண்டு வாரம் எழுதி வையுங்கள். எந்தப் படம் வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: முகவரி எங்கே தெரிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏர்பிஎன்பி வழக்கமாக வரைபடத்தில் தோராயமான வட்டாரத்தை மட்டும் காட்டும். புக்கிங் உறுதியான பிறகுதான் வருகிறவருக்கு முழு முகவரி போகும். அங்கே படம் கவனமாக இருந்தால் முகவரி மறைந்தே இருக்கும். புக்கிங் டாட் காம் அப்படியில்லை. அங்கே பெரும்பாலும் முகவரி விளம்பரப் பக்கத்திலேயே போட்டிருக்கும், யாரும் பார்க்கலாம். அங்கே விளம்பரம் செய்கிறவர் படத்தில் வீட்டு எண்ணை மங்கலாக்கிப் பெரிய பயனில்லை. அந்த நேரத்தை நல்ல பூட்டுக்கும் வெளிவிளக்குக்கும் செலவழிக்கலாம்.

முகநூலிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில். பலர் படத்தில் எண்ணை மறைத்துவிட்டு, கீழே தாமான் (குடியிருப்பு) பெயர், லோரோங் (சந்து) எண் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். கூகள் மேப்பில் வீட்டின் பெயரில் ஒரு குறியும் போட்டிருப்பார்கள். அப்படிச் செய்திருந்தால், முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

மூன்றாம் படி: எதற்குப் பயப்பட வேண்டும் என்று சரியாகப் பிரித்துப் பாருங்கள்

அண்ணன் சொன்ன பயம் நியாயமானது. வாரநாட்களில் இந்த வீடுகள் காலியாக இருக்கும். ஆனால் ஒரு கேட், ஒரு போர்ச், ஒரு ஜன்னல் கிரில் உள்ள டெரஸ் வீடு சிலாங்கூர் முழுக்க வரிசை வரிசையாக நிற்கிறது. அந்தப் படத்தை மட்டும் வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆபத்து மூன்று விஷயம் சேரும்போதுதான் வருகிறது: வீட்டின் தோற்றம், வீட்டின் முகவரி, வீடு காலியாக இருக்கும் நாள். மூன்றாவதை யாரும் நினைப்பதே இல்லை. விளம்பரத்தில் உள்ள நாள்காட்டியைத் திறந்தால், எந்த நாள் ஆள் இல்லை என்று எவருக்கும் தெரியும். புக்கிங் வாங்க வேண்டுமானால் நாள்காட்டியை மூட முடியாது. தோற்றத்தையும் மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. மிச்சம் இருப்பது முகவரி. அதை வெட்டிவிட்டால் மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்க முடியாது.

இன்னொரு ஆபத்து, படத்தைத் திருடி வேறொருவர் விளம்பரம் போடுவது. பள்ளி விடுமுறை நேரத்தில் இல்லாத ஹோம்ஸ்டேக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறவர்கள் இந்த நாட்டில் நிறைய. அவர்கள் எடுப்பது பெரும்பாலும் உள்ளறைப் படங்களைத்தான், ஏனென்றால் அவை எந்த ஊருக்கும் பொருந்தும். வாசல் படம் போட்டிருந்தால் உண்மையான உரிமையாளர் நீங்கள்தான் என்று காட்டுவது எளிது. சந்தேகப்படுகிறவர் வீடியோ காலில் அழைத்தால், படத்தில் உள்ள அதே கேட்டுக்கு முன்னால் நின்று பேசலாம். நான் இரண்டு தடவை அப்படிப் பேசியிருக்கிறேன்.

கொண்டோ, அபார்ட்மெண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிர்வாகம் தடை போட்டிருக்கிறது, கட்டடம் தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்பதற்காக வெளிப்படத்தை மறைக்கிறீர்கள் என்றால், அது படத்தால் தீரும் காரியமில்லை. குறுகிய கால வாடகையைத் தடுக்கும் விதியை அடுக்குமாடி நிர்வாகக் கழகம் போடலாம் என்று கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் உள்ள 'வெர்வ் ஸ்வீட்ஸ்' அடுக்குமாடி வழக்கில் 2020-ல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. வந்த விருந்தினரைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பினால் நஷ்டம் அவர்களுக்கு. தரைவீடானாலும் மாஜ்லிஸில் (உள்ளூர் நகராண்மைக் கழகத்தில்) என்ன உரிமம் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான்காம் படி: எதிர்ப்பக்கம் நின்று, தெரியாத ஆளின் கண்ணோடு பாருங்கள்

கைபேசியை எடுப்பதற்கு முன் சாலையின் மறுபக்கம் போய் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். இந்த இடம் எது என்று சொல்லிக் கொடுப்பவை என்னென்ன? கேட் தூணில் வீட்டு எண். தபால் பெட்டியிலும் அதே எண். கம்பத்தில் லோரோங் பெயர்ப் பலகை. போர்ச்சில் நிற்கும் உங்கள் காரின் எண். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டிய கடை விளம்பரத்தில் தொலைபேசி எண். மீட்டர் பெட்டியில் செருகிவைத்த மின்சார பில்லில் உங்கள் பெயரும் முகவரியும் சேர்ந்தே இருக்கும், அதை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள்.

பூட்டையும் பாருங்கள். எண் பூட்டில் எண்கள் தெரிந்த நிலையிலும், சாவிப் பெட்டி திறந்த நிலையிலும் எடுத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். சாவிப் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்பதே விளம்பரத்தில் தெரியக் கூடாது.

அப்புறம் அக்கம்பக்கம். டெரஸ் வரிசையில் நடு வீடாக இருந்தால் இரண்டு பக்கத்துப் போர்ச்சும் படத்தில் விழும். எங்கள் இடப்பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) காலையில் துணி காயப்போடுவார், பேரப்பிள்ளைகள் கேட் ஓரமாக விளையாடுவார்கள். அவர்கள் நம் வியாபாரத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள் இல்லை. படம் எடுக்கப்போகிறேன் என்று முதல் நாளே போய்ச் சொன்னேன். "அப்படியா, கொஞ்சம் இரு" என்று துணியை உள்ளே எடுத்துக்கொண்டார். ராத்திரியில் விருந்தினர் வீடு தெரியாமல் தடுமாறினால் இன்றைக்கும் அவர்தான் வெளியே வந்து வழி காட்டுகிறார்.

ஐந்தாம் படி: படம் எடுங்கள்

நம்மவர்கள் கிழக்கு பார்த்த வாசலை விரும்பி வாங்குவார்கள். அப்படி இருந்தால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு எடுங்கள், முகப்பில் வெயில் நேராக விழும். மேற்கு பார்த்த வாசலுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். உச்சி வெயிலில் எடுத்தால் போர்ச் இருண்டு குகை மாதிரி தெரியும். கைபேசியைப் படுக்கை வாட்டில், நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். மிக அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸை வெளியே பயன்படுத்தாதீர்கள். ஒரு கார் நிற்கும் இடம் அதில் மூன்று கார் நிற்கும் மைதானமாகத் தெரியும். வருகிறவர் அதை நம்பி மூன்று காரில் வருவார்.

முகப்புப் படம் ஒன்று போதும். நேராக நின்று எடுக்காமல் கொஞ்சம் ஓரமாக நின்று எடுத்தால் எண் உள்ள தூண் விலகிப்போகும், போர்ச்சின் ஆழமும் தெரியும்.

கார் நிறுத்தும் இடத்துக்குத் தனிப் படம் கட்டாயம் வேண்டும். காலி இடமாக எடுக்காமல் ஒரு காரை நிறுத்தி, அதன் எண்ணை மறைத்து எடுங்கள். மைவி மாதிரி ஒரு சின்னக் கார் நிற்கும்போது பக்கத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தால், வேன் நுழையுமா என்று யாருக்கும் விளங்கும்.

கேட்டிலிருந்து கதவு வரை உள்ள பாதைதான் எனக்கு மிக முக்கியமான படம். பலகையின் சரிவு, போர்ச் தரை, படிகள், கைப்பிடி இருக்கிறதா இல்லையா, எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். படியில் ஒரு அடிக்கோலை நிமிர்த்தி வைத்து எடுத்தேன். ஏர்பிஎன்பியில் படியில்லாத நுழைவு, அகலமான வாசல் போன்ற வசதிகளைக் குறிப்பிட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் படம் கேட்பார்கள். அகலமான வாசல் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு 32 அங்குலம், அதாவது 81 சென்டிமீட்டர். எங்கள் கதவை அளந்து பார்த்தேன், கிரில்லோடு சேர்த்து 30 அங்குலம்தான் வந்தது. அதனால் அந்த வசதியைக் குறிக்கவில்லை. படத்தின் கீழே "மூன்று படி, கைப்பிடி இல்லை" என்று எழுதினேன். பின்னால் ஒரு சாய்தளம் செய்து வைத்த பிறகு அதையும் படமெடுத்துப் போட்டேன்.

வீட்டின் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். எங்கள் பின்வேலிக்கு அந்தப்பக்கம் செம்பனை வரிசை தொடங்குகிறது. அதை ஒரு குறையாக நினைத்து முதலில் மறைத்தேன். ஆனால் தோட்டத்தில் வளர்ந்து பட்டணத்துக்குப் போனவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஓர் அம்மா காலை ஆறரைக்கே பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேநீர் ஆறும்வரை அந்த வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பனைக்கு முன் அங்கே பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் அவர் அங்கே பால் வெட்டியவராம்.

கடைசியாக ஓர் இரவுப் படம். ஏழரை மணிவாக்கில், வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போது, வெளிவிளக்கைப் போட்டு எடுங்கள். இருட்டில் வந்து சேரும் பெண்களுக்கு அந்த ஒரு படம் தரும் தெம்பை வேறெதுவும் தராது. விளக்கு இல்லாவிட்டால் முதலில் விளக்கைப் போடுங்கள்.

ஆறாம் படி: திருத்துங்கள், பொய் சேர்க்காதீர்கள்

வீட்டு எண், கார் எண், பெயர்ப் பலகை, மனித முகங்கள் ஆகியவற்றை வெட்டியோ மங்கலாக்கியோ விடலாம். அதற்கு மேல் கை வைக்காதீர்கள். பின்னால் தெரியும் உயர் மின்கோபுரத்தை அழிப்பது, பக்கத்தில் பாதி கட்டி நிற்கும் வீட்டைப் புல்வெளியாக்குவது எல்லாம் வந்து நிற்கிறவரை ஏமாற்றும் வேலை. வீடு பெரிய சாலையில் இருந்தால் சாலை தெரியட்டும், செம்பனைக் குலை ஏற்றிய லோரி விடியற்காலையிலேயே போகும் என்று எழுதிவிடுங்கள். பக்கத்தில் செம்பனை ஆலை இருந்தால், காற்றடிக்கும் திசையைப் பொறுத்து வாடை வரும். அதைப் படத்தில் காட்ட முடியாது, எழுத்தில்தான் சொல்ல வேண்டும்.

வெளியே கண்காணிப்புக் கேமரா இருந்தால் அது படத்திலும் தெரிய வேண்டும், எழுத்திலும் இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீட்டுக்குள் கேமரா வைப்பதை முழுக்கத் தடை செய்துவிட்டது. வெளியே வைக்கலாம், ஆனால் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத முகவரி ஒன்றும் உண்டு. கைபேசியில் எடுத்த படத்துக்குள் அந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி பதிந்திருக்கும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. ஐஃபோனில் பகிரும் திரையின் மேலே உள்ள 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் தட்டியும் நீக்கலாம். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும். தரம் குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே ஒட்டிக்கொண்டு போகும்.

ஏழாம் படி: தம்பி மகனிடம் கொடுத்துச் சோதியுங்கள்

படங்களை ஏற்றுவதற்கு முன், இந்த வீட்டைப் பற்றித் தெரியாத, கைபேசியில் கெட்டிக்காரரான ஒருவரிடம் கொடுத்து, "இது எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் கொடுங்கள். நான் என் தம்பி மகனிடம் கொடுத்தேன். எண்ணையும் பலகையையும் மறைத்திருந்தேன், கண்டுபிடிக்க முடியாது என்றே நம்பினேன். பத்து நிமிடத்தில் லோரோங்கைச் சொல்லிவிட்டான். முகப்புப் படத்தின் வலது மூலையில் தெருமுனைச் சின்னக் கோயிலின் கோபுரம் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. எங்கள் ஊர்க் கோயில்களைக் கூகள் மேப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஸ்ட்ரீட் வியூவில் இறங்கி, எதிர் வீட்டின் நீலத் தண்ணீர்த் தொட்டியை வைத்து உறுதி செய்துகொண்டான்.

கோபுரம் விழாத கோணத்தில் மறுபடி எடுத்தேன். இரண்டாம் தடவை அவனால் முடியவில்லை. ஸ்ட்ரீட் வியூவில் உங்கள் வீடு தெளிவாக இருப்பது உறுத்தினால், அதை மங்கலாக்கச் சொல்லிக் கூகளிடம் கேட்கலாம். ஒருமுறை மங்கலாக்கினால் திரும்பப் பழையபடி வராது, யோசித்துச் செய்யுங்கள். நான் செய்யவில்லை. உண்மையான விருந்தினருக்கு வழி தெரியவும் அது உதவுகிறது.

எட்டாம் படி: வரிசையும் குறிப்பும்

முதல் படமாக நடுக்கூடத்தையோ நல்ல அறையையோ வையுங்கள். டெரஸ் வீட்டின் முகப்பு அழகு காட்டும் படமில்லை, தகவல் சொல்லும் படம். நான்காவது, ஐந்தாவது இடம் அதற்குச் சரி. மரவீடோ பழைய பங்களாவோ வைத்திருப்பவர்கள் தாராளமாக முகப்பையே முதலில் வைக்கலாம், அவர்களைத் தேடி வருவதே அந்த முகப்புக்காகத்தான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதுங்கள். மலாயிலும் எழுதுங்கள், எல்லோரும்தான் வருகிறார்கள்.

ஒன்பதாம் படி: புக்கிங் உறுதியான பிறகு, மறைத்ததை எல்லாம் காட்டுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மறைத்ததெல்லாம் தொல்லையாக முடியும். எண் தெரியும் கேட், லோரோங் பலகை, திரும்ப வேண்டிய முனை, சாவிப் பெட்டி, பிரதான மின்விசை இருக்கும் இடம் என்று தனியாக ஒரு தொகுப்பு எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற அன்று மத்தியானம் அதை அனுப்புவேன். ஏர்பிஎன்பியின் வருகைக் குறிப்பிலேயே படத்தோடு எழுதி வைக்கவும் முடியும்.

தோட்டப்புற ஊர்களில் இது இன்னும் அவசியம். வழிகாட்டும் வேஸ் செயலி சில சமயம் குறுக்கு வழி என்று செம்பனைக்குள் போகும் செம்மண் சாலையில் இறக்கிவிடும். அந்தச் சாலையின் கடைசியில் தோட்டத்துக் கேட் பூட்டியிருக்கும். விளக்கில்லாத இடத்தில், பின்சீட்டில் குழந்தை அழ, காரைத் திருப்பப் போதுமான இடம்கூட இருக்காது. அதனால் அந்தச் சாலை பிரியும் முனையைப் படமெடுத்து, "வேஸ் இங்கே இடப்பக்கம் சொல்லும், திரும்பாமல் நேராக வாருங்கள்" என்று எழுதி அனுப்புகிறேன். அந்த முனையை இரவில் எடுத்த படமாகவே அனுப்புங்கள். பகலில் பார்த்த முனையை இருட்டில் அடையாளம் தெரியாது.

வாடகைக்கு எடுக்கிறவராக இருந்தால்

வெளிப்படம் இல்லாத வீட்டை உடனே சந்தேகப்பட வேண்டாம், கேளுங்கள். "வாசலும் கார் நிறுத்தும் இடமும் பார்க்கணும், எண்ணை மறைத்தே அனுப்புங்க" என்றால் நேர்மையான உரிமையாளர் அனுப்பிவிடுவார். முகநூலில் பார்த்த வீடானால், முன்பணம் போடுவதற்கு முன் அவர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக்குப் பயன்பட்டதாகப் புகார் உள்ளதா என்று காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போன பிறகு ஏமாந்தது தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

பத்தாம் படி: வருடத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி எடுங்கள்

நம் ஊர்கள் வேகமாக மாறுகின்றன. போன வருடம் செம்பனையாக இருந்த இடத்தில் இந்த வருடம் கடைவீடு கட்டுகிறார்கள். கேட்டுக்குப் புதுச் சாயம் அடித்தாலே, பழைய படத்தைப் பார்த்து வருகிறவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். நான் தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் எடுக்கிறேன், வீடு எப்படியும் கழுவி விட்டிருக்கும். இந்த வருடம் வாசல் பாதையில் புதிதாகப் போட்ட கைப்பிடியையும் சேர்த்து எடுத்தாயிற்று. "கைப்பிடி இல்லை" என்று எழுதியிருந்த வரியை அன்றைக்கே மாற்றிவிட்டேன்.